ஏழாம் அறையில் எத்தனை உலை

ஒரகடத்தில் ரகுபதி கட்டிய லைன் வீட்டின் ஏழாம் அறையில், ஒரு பாயிலிருந்து இன்னொரு பாய்க்கு நடந்து போக அரைமணி நேரம் ஆகும். வெளியிலிருந்து பார்த்தால் மற்ற அறைகளைப் போல அதுவும் பத்துக்குப் பத்துதான். செல்வலட்சுமியும் சுகப்பிரியாவும் பேச்சை நிறுத்திய தீபாவளியிலிருந்து உள்ளே தரை நீள ஆரம்பித்தது. இருவரும் தென்காசிப் பக்கத்துப் பெண்கள். ஒரே செல்போன் கம்பெனி, ஒரே ஷிஃப்ட். கம்பெனி லைனில் வேலைக்கு நின்றபடியே கண்ணயர்ந்த செல்வலட்சுமியை யாரோ சூப்பர்வைசரிடம் போட்டுக்கொடுத்தார்கள். சுகப்பிரியாதான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். ஆளுக்கொரு கரண்ட் அடுப்பு வந்தது, உலை இரண்டானது. கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க, வாசலுக்கு எட்டத்தில் இருந்த சுகப்பிரியா முன்னதாகவே எழுந்து நடக்கப் பழகிக்கொண்டாள்.

குடும்பக் கணக்கெடுப்புக்காக வாலாஜாபாத்திலிருந்து அமலா வந்தாள். இது எல்லா வீட்டுக்கும் போகிற கணக்கெடுப்பு இல்லை. குலுக்கலில் விழுகிற சில வீடுகளே ஊர் முழுவதற்கும் பதில் சொல்லும். விழுந்தது ஏழாம் அறை.

"அந்தப் பொண்ணுங்க சண்டை போட்டுகினு கீதுங்க மேடம். பக்கத்து ரூமை எழுதிக்கினா இன்னா?" என்றார் ரகுபதி.

அது நடக்காது. சுலபமான வீடாகப் பார்த்துப் போனால், நாட்டில் சிரித்த முகத்தோடு நாற்காலி போடுகிறவர்கள் மட்டுமே வாழ்வதாகக் கணக்கு வந்துவிடும். இன்னொரு விதியும் உண்டு: ஒரே கூரை போதாது, ஒரே உலையில் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம்.

உலை ரெண்டு என்றாள் செல்வலட்சுமி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"அப்போ உன்னை மட்டும் எழுதிக்கிறேம்மா. லிஸ்ட்ல ரூம் உன் பேர்லதான் இருக்கு. அந்தப் பொண்ணு கணக்குல வராது."

"வராதுன்னா?"

"அவ இங்க இருக்கான்னே யாருக்கும் தெரியாது."

பேசாமல் இருப்பது வேறு, இல்லாமலே ஆக்குவது வேறு. கொதித்துக்கொண்டிருந்த சோற்றுப் பானையைத் செல்வலட்சுமி துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு சுகப்பிரியாவின் பாயை நோக்கி நடந்தாள். என்னதான் ஆகிறதென்று பார்க்க அமலாவும் பின்னால் போனாள். வழியில் இருவரும் ஒருமுறை உட்கார்ந்து இளைப்பாறினார்கள்.

பாயில் படுத்திருந்த சுகப்பிரியா எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, உன் அடுப்ப அணை. இனி ஒரு உலைதான்."

"நான் போட்டுக் குடுக்கலட்டி."

"தெரியும். மறுநாளே தெரியும்."

சுகப்பிரியா அழுதாள், அழுதுகொண்டே தட்டுகளை எடுத்து வைத்தாள். சோறு ஆறியிருந்தது. மூவரும் சாப்பிட்டார்கள். ஒரு குடும்பம், உறுப்பினர் இருவர், அறை ஒன்று என்று அமலா பதிந்தாள். தரை பழையபடி சுருங்கும் என்று கொஞ்சம் எதிர்பார்த்தாள், அது சுருங்கவில்லை. அவளுக்கு வழி புதிது என்பதால், விருந்தாளியை வாசல்வரை கொண்டுவிட இரண்டு பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினார்கள்.