தானாக வந்த இரக்கம்

எமொகேவுக்கு அன்று தலைகால் புரியவில்லை. பின்னே? கணினிக்குள் அவள் விட்ட புள்ளிகள் பிறக்கின்றன, இரை தேடுகின்றன, குட்டி போடுகின்றன, சாகின்றன. அதோடு விட்டதா? யாரும் சொல்லித்தராமலே, நகரமுடியாத ஒன்றுக்கு இரை ஊட்டுகின்றன! மதியம் செகெட் பல்கலைக்கழக அரங்கில் தேர்வாளர்களிடம் அதைத்தான் சொல்லப்போகிறாள். ஒப்புக்கொண்டால் டாக்டர் பட்டம். இல்லையென்றால் இத்தனை வருஷ உழைப்பும் அம்போ.

பக்கத்து மேஜை டெஸ்ஸோ போகாச்சா என்ற உப்பு ரொட்டியைக் கடித்தபடி எட்டிப் பார்த்தான். அவன் வாயில் எப்போதும் ஏதாவது இருக்கும், தின்பண்டமோ நக்கலோ.

"என்ன, உன் பிள்ளைங்க இன்னிக்கும் ஊட்டி விடுதுங்களா?"

"கண்ணு போடாதே! அந்த நொண்டியைச் சுத்தி எத்தனை நிக்குது பாரு."

"நல்லாத்தான் இருக்கு. ஒருநாளும் அதைத் தின்னதில்லையா?"

"தின்னிருக்கு. அப்பல்லாம் புரோகிராம் ஓட்டம் கெட்டுப்போச்சுன்னு நிறுத்திட்டு, சேமிச்சு வச்ச இடத்திலேருந்து மறுபடி ஓடவிடுவேன்."

டெஸ்ஸோ மெல்லுவதை நிறுத்தினான். "அடிப்பாவி! ஊட்டினதை வச்சுக்கிட்டு, தின்னதையெல்லாம் நீயே அழிச்சிருக்கே. அதுங்க எங்க தானா கத்துக்கிச்சு?"

"போடா, ஏதோ சில தடவைதான்..."

சொல்லும்போதே அவளுக்கே உறைத்தது. சில தடவையா? தினமும்தானே! நல்ல மாடாகப் பொறுக்கி வளர்ப்பவன் செய்வதைத்தான் அவளும் செய்திருக்கிறாள். இதில் ஆய்வுக்கு 'தானாக வந்த இரக்கம்' என்று தலைப்பு வேறு. பாவம், ஏமாற்ற நினைக்கவில்லை. நொண்டி சாவதைப் பார்க்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து, வேகத்தைக் கூட்டி ஓடவிட்டாள். கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தலைமுறைகள் ஓடின. ஒரு நொண்டி பிறந்தது. கூட்டம் நெருங்கியது. அவள் கை நிறுத்தும் விசைக்குப் போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டாள். மொய்த்துத் தின்று தீர்த்தன. எமொகே வெட்கப்படாமல் அழுதாள்.

"இப்ப அங்க போய் என்ன சொல்லப்போறே?" டெஸ்ஸோவின் குரலில் நக்கல் இல்லை.

"நடந்ததைச் சொல்லுவேன். பட்டம் போனா போகட்டும்."

"சரி, இந்த ஓட்டத்தையாவது அழிச்சிடு. பார்க்கச் சகிக்கலை."

எமொகே மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டி மறுத்தாள்.

"இன்னிக்குத்தான் டெஸ்ஸோ, அதுங்க சொந்தமா ஒரு காரியம் பண்ணியிருக்கு. அதைப் போய் எப்படி அழிப்பேன்?"