மாப்பிள்ளை காலி செய்த இடம்

எங்கள் ஸ்கேன் சென்டரில் இரண்டு விஷயங்களில் யாரும் கை வைக்கக் கூடாது. சிவப்பு விளக்கு எரியும்போது ஸ்கேன் அறைக் கதவில் கை வைக்கக் கூடாது. மாப்பிள்ளை அமைத்துக் கொடுத்த சர்வரில் எப்போதுமே கை வைக்கக் கூடாது. முதலாவதற்குக் காரணம் கதிர்வீச்சு, இரண்டாவதற்குக் காரணம் என் மாமனார்.

மாமனார் டாக்டர். படம் பார்த்து நோய் சொல்வதில் பழம் தின்று கொட்டை போட்டவர். நெஞ்சுக்குள் கடுகளவு புள்ளி இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. தன் மகளைக் கட்டியவர் ஒரு வெத்துவேட்டு என்பது மட்டும் அந்தக் கண்ணுக்கு இன்றுவரை தட்டுப்படவில்லை. மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுதான் பேசுவார். நான் அவர் மகனைக் கட்டியவள், மருமகள். ஸ்கேன் மெஷினை இயக்குவதும் நான்தான். நான் உள்ளே வந்தால் அவர் எழுவதில்லை. அது போகட்டும்.

மாப்பிள்ளை ஏதோ ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய பதவியில் இருக்கிறார். அங்கே என்ன வேலை என்று என் நாத்தனாருக்கே தெரியாது. எப்போது கேட்டாலும் மீட்டிங்கில் இருக்கிறார் என்பாள். சென்டருக்கு சர்வர் வாங்கியபோது, விற்ற கடைக்காரர் எல்லாவற்றையும் தானே அமைத்துத் தருவதாகச் சொன்னார். மாப்பிள்ளை விடவில்லை. விண்டோஸ் எல்லாம் குழந்தைகள் விளையாட, நாம் லினக்ஸ் போடுவோம் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, வேளா வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, போட்டார். உள்ளே இருந்த டிஸ்க்கை இரண்டாகப் பிரித்தார். படங்களுக்குப் பெரிய பங்கு, சிஸ்டம் ஓடுவதற்கு ஒரு துக்கடா பங்கு. இரண்டு வருடத்துக்கு மேல் பழசான படங்களை ஒவ்வொரு நாளும் தானாக எடுத்து, அலமாரித் தட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் வெளி டிஸ்க்குக்கு மாற்ற ஒரு புரோகிராமும் எழுதினார். அதை எழுதிய பெருமையைப் போகிற கல்யாண வீடுகளில் எல்லாம் அள்ளி விட்டார்.

அன்று காலை அந்தத் துக்கடா பங்கு நிரம்பிப் போயிருந்தது. படங்களைத் தேடி எடுக்கும் மென்பொருள் திறக்கவில்லை. நூறு சதவீதம் நிரம்பிவிட்டது, எழுத இடம் இல்லை என்ற ஒரே வரி திரையில் திரும்பத் திரும்ப வந்தது. நான் அணைத்துப் போட்டுப் பார்த்தேன். மறுபடியும் அதே வரிதான்.

அன்றைக்கென்று பார்த்து லேத் பட்டறைக்காரர் தன் அக்காவோடு வந்திருந்தார். நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு ஏறிய, அதிகம் பேசாத மனிதர். அவருடைய நுரையீரலில் ஒரு புள்ளி. இரண்டு வருடத்துக்கு முன்பு எங்களிடம் எடுத்த படத்திலேயே அது இருந்தது. போன வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்த படத்திலும் இருக்கிறது, அந்தப் படத்தைக் கொண்டு வந்திருந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். புள்ளி வளர்ந்திருந்தால் வெட்டி எடுக்க வேண்டும், அப்படியே இருந்தால் விட்டுவிடலாம். பழைய ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும் அளவை நம்பிக் கத்தியைக் கீழே வைக்க மாட்டேன், படத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அறுவை மருத்துவர் சொல்லிவிட்டார். மாலைக்குள் படம் வராவிட்டால் மறுநாள் காலை அறுவை. வீட்டில் வைத்திருந்த பழைய பிலிமும் சிடியும் கூரை ஒழுகி ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாகிவிட்டன. தேதி எழுதிய உறை மட்டும் அக்காவின் கையில் இருந்தது.

"மார்பைத் திறந்துட்டா இவனால பழையபடி லேத்துல நிக்க முடியாதுன்னு சொல்றாங்க," என்றார் அக்கா. "எப்படியாவது எடுத்துக் குடுத்துடுங்கம்மா."

சர்வர் விற்ற கடைக்காரரைக் கூப்பிடலாம் என்று மாமனாரிடம் சொன்னேன். மாப்பிள்ளை போட்டதில் வெளியாள் கை வைத்தால் மாப்பிள்ளை மனசு என்ன பாடுபடும் என்று அவர் கேட்டார். லேத்துக்காரரின் மார்பு என்ன பாடுபடும் என்று நான் கேட்பதற்குள் எழுந்து நின்று போன் போட்டுவிட்டார்.

மாப்பிள்ளை வந்து இறங்கினார். ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் காரை நிறுத்தினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, பயப்பட வேண்டாம் என்பதுபோலக் கையைக் காட்டிவிட்டு சர்வர் அறைக்குள் போனார். கறுப்புத் திரையைத் திறந்து வெள்ளை எழுத்தில் தட்ட ஆரம்பித்தார். அந்தத் தட்டலில் ஒரு ஜம்பம் இருக்கும். மாமனார் அவருக்குப் பின்னால் நின்று, கச்சேரி கேட்பவர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

முதலில் திரையில் இருந்த குப்பைத்தொட்டியைக் காலி செய்தார். அதில் போன வருடத்து விடுமுறைப் பட்டியல் ஒன்று கிடந்தது. நூறு சதவீதம் நூறாகவே இருந்தது. அடுத்து, தனக்கு என்ன கோளாறு என்று சர்வர் தானே எழுதி வைத்திருந்த குறிப்புகளை எல்லாம் அழித்தார். நோயாளி வாயைத் திறந்து வலிக்கிற இடத்தைச் சொல்ல வரும்போது வாயைப் பொத்துகிற டாக்டரை நான் பார்த்ததில்லை, அன்று பார்த்தேன். சதவீதம் அசையவில்லை. மாப்பிள்ளையின் கழுத்து வேர்க்க ஆரம்பித்தது. அவருக்கு ஒரு காப்பி போட்டுக்கொண்டு வரும்படி மாமனார் என்னிடம் சொன்னார்.

காப்பியோடு நான் திரும்பி வந்தபோது மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்கே இவ்வளவு இடம் போகிறது என்று தேடியதில், மலை மாதிரி ஒரு ஃபோல்டர் அகப்பட்டதாம். எல்லாம் பழைய குப்பையாம். அழித்துவிட்டாராம்.

"எந்த ஃபோல்டர் அண்ணா?" என்று கேட்டேன்.

பெயரைச் சொன்னார். அது வெளி டிஸ்க். தனி வயரோடு, தனி விளக்கோடு, அவர் மூக்குக்கு நேரே தட்டில் உட்கார்ந்திருக்கிற டிஸ்க். அதில் அழித்தால் சிஸ்டம் பங்கில் எப்படி இடம் வரும் என்று கேட்டேன். மாமனார் என்னைப் பார்த்து, மாப்பிள்ளைக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது என்றார். திரையில் நூறு சதவீதம் அப்படியே நின்றது. மாப்பிள்ளை ஒரு மிடறு காப்பி குடித்தார். அவர் முகத்தில் திருட்டு முழி வந்துவிட்டது.

"பேக்கப் வெச்சிருப்பீங்கல்ல?" என்று என்னைக் கேட்டார்.

"அது பேக்கப் இல்லண்ணா. அதுதான் அசல். ரெண்டு வருஷத்துக்கு முந்தின படம் எல்லாம் அதுல மட்டும்தான் இருந்துச்சு."

இத்தனை வருடத்துப் படங்கள். எத்தனையோ பேரின் மூளை, முதுகெலும்பு, நெஞ்சு. வெளியே பெஞ்சில் அந்த அக்கா உறையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மாமனாருக்கும் விஷயம் புரிந்தது. ஆனால் மனிதர் உடனே வேறு பக்கம் தாவினார். டிஸ்க் ஏற்கெனவே பழுதாகி இருந்திருக்கும், அதற்கு மாப்பிள்ளை என்ன செய்வார் என்றார். மாப்பிள்ளை அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். ஆமாம், டிஸ்க்தான் போய்விட்டது, வெளியே அப்படியே சொல்லிவிடலாம், டிஸ்க்கைத் தான் எடுத்துப்போய்க் கம்பெனியில் யாரிடமாவது காட்டுவதாகச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் காப்பித் தம்ளரை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். கவிழ்க்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

தடயத்தை அப்புறப்படுத்துவதில் மட்டும் மாப்பிள்ளை சுறுசுறுப்பு. டிஸ்க்கை சர்வரிலிருந்து கழற்றிவிடும் கட்டளையை முறையாகக் கொடுத்தார், வயரை உருவினார், டிஸ்க்கைத் தன் பையில் போட்டுக்கொண்டார். எல்லாம் துடைத்தாற்போல இருக்கிறதா என்று பார்க்க அந்த ஃபோல்டரை இன்னொரு தடவை திறந்தார். டிஸ்க் பைக்குள் இருக்கிறது, ஃபோல்டர் காலியாக இருக்க வேண்டும். ஆனால் திரையில் படங்கள் வரிசை வரிசையாக ஓடின.

மாப்பிள்ளை பேயைக் கண்டவர் மாதிரி பார்த்தார். அப்புறம் முகம் மலர்ந்தது.

"பிடிச்சுட்டேன் மாமா. இதுதான் சிஸ்டத்துல இடத்தை அடைச்சுட்டு இருந்திருக்கு," என்றார். சொல்லிக்கொண்டே, சற்று முன் தட்டிய அதே அழிக்கும் கட்டளையைத் தட்ட ஆரம்பித்தார். அந்தக் கட்டளை, நிச்சயமா என்று ஒரு வார்த்தை கேட்காது.

நான் கீபோர்டைப் பிடுங்கினேன். வாங்கினேன், நகர்த்தினேன் என்றெல்லாம் பூசி மெழுக மாட்டேன், பிடுங்கினேன். காப்பி மேசையில் கொட்டியது. மாப்பிள்ளை கையிலிருந்து பிடுங்குவதா என்று மாமனார் அதட்டினார். நான் வெளியே போய் அக்காவிடமிருந்து உறையை வாங்கி வந்து, அதில் இருந்த தேதியைத் திரைக்கு நேராகப் பிடித்தேன். அந்தத் தேதி திரையில் இருந்தது. லேத்துக்காரரின் பெயரும் இருந்தது.

எப்படி வந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. சமீபத்தில் மாப்பிள்ளை குடும்பத்தோடு வந்து, சென்டருக்கு மேல் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். வீட்டில் புழுக்கம் என்று ஏசி ஓடுகிற சர்வர் அறையிலேயே உட்கார்ந்து மீட்டிங் நடத்தினார். தன் லேப்டாப்பைச் செருக இடம் வேண்டும் என்று வெளி டிஸ்க்கின் பிளக்கைப் பிடுங்கி விட்டிருக்கிறார். அவர்கள் ஊருக்குப் போன பிறகு, தொங்கிக்கொண்டிருந்த பிளக்கை நான்தான் பார்த்து மறுபடி செருகினேன். அந்த இடைவெளியில், அவர் எழுதிய அந்தப் பிரமாத புரோகிராம், டிஸ்க் இருக்கிறதா என்று கூடப் பார்க்காமல் படங்களை அதே ஃபோல்டரில் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. டிஸ்க் இல்லாதபோது அந்த ஃபோல்டர் துக்கடா பங்கில் இருக்கிற ஒரு மூலை, அவ்வளவுதான். டிஸ்க் திரும்பி வந்ததும், தரையில் கிடப்பதன் மேல் பாயை விரித்தது போல எல்லாம் மறைந்துவிட்டது. இடத்தை அடைத்தது அதுதான். லேத்துக்காரரின் படத்துக்கு இரண்டு வருடம் முடிந்தது சரியாக அந்த நாட்களில்.

கடைக்காரருக்கு நான் போன் போட்டேன், யாரையும் கேட்கவில்லை. முதலில் அவற்றைப் பெரிய பங்குக்கு நகல் எடுங்கள், நகல் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் அழியுங்கள் என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று, அதைத்தான் தானும் சொல்ல வந்ததாக ஒவ்வொரு படிக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். சதவீதம் இறங்கியது. மென்பொருள் திறந்தது.

படத்தைப் பார்த்ததும் மாமனார் வேறு மனிதராகிவிட்டார். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எல்லாக் கோணத்திலும் அளந்து, இன்னொரு தடவை அளந்தார். "அப்படியே இருக்கு. ஒரு துளி வளரல," என்றார். படத்தை அறுவை மருத்துவருக்கு அனுப்பினோம். சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் அங்கிருந்து போன் வந்தது. கத்தி வேண்டாம், சில மாதம் கழித்து இன்னொரு படம் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

லேத்துக்காரர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். யாருக்கு நன்றி சொல்வது என்று அக்கா கேட்டபோது, மாமனார் கொஞ்சமும் கூசாமல் மாப்பிள்ளையைக் காட்டினார். எல்லா வேலையையும் விட்டுவிட்டு ஓடி வந்ததாகவும், அவர் இல்லாவிட்டால் இந்தப் படம் கிடைத்திருக்காது என்றும் சொன்னார். மாப்பிள்ளை தலையைச் சாய்த்து, "நம்ம கடமைதானேங்க," என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"இவர் இல்லாட்டி படம் தொலைஞ்சே போயிருக்காதுக்கா," என்றேன். "ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கினார், அதனால உங்க தம்பி படம் வேற இடத்துல விழுந்துச்சு. இன்னைக்கு அந்த டிஸ்க்குல இருந்தது பூராவும் அழிச்சார். உங்க தம்பியோடது வேற இடத்துல விழுந்ததால பிழைச்சுது. அதையும் அழிக்கப் போனார்."

மாமனாரின் முகம் கறுத்துவிட்டது. மாப்பிள்ளை பையின் ஜிப்பை இழுத்து மூடினார். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன், திட்டட்டும் என்றும் நினைத்தேன். அவர் திட்டவில்லை.

"அப்ப அதுல இருந்த மத்தவங்க படம்?" என்று கேட்டார்.

லேத்துக்காரரின் படம் கிடைத்த பிறகு எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் அந்த நினைப்பு வரவில்லை. மாப்பிள்ளையைக் குத்திக் காட்டுகிற மும்முரத்தில் எனக்கும் வரவில்லை.

"அவங்ககிட்ட யாரு சொல்லுவீங்க?" என்றார் அக்கா.

மாமனார் என்னைப் பார்த்தார். வேறு யாரைப் பார்ப்பார். மாப்பிள்ளையும் என்னைப் பார்த்தார், அவருக்கு மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது என்று வேறு முனகினார். நான் மென்பொருளில் பழைய பெயர்களை வரவழைத்தேன். வரிசையாக வந்தன, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் படம் இல்லை என்று சிவப்பில் எழுதியிருந்தது. மேசை போனை இழுத்து மாப்பிள்ளையின் முன்னால் வைத்தேன். முதல் நம்பரை நானே போட்டு, ரிசீவரை அவர் கையில் கொடுத்தேன்.