எதிர்க்காற்று

“பதினொண்ணரை மணி நேரம்னா பதினொண்ணரைதான்! முப்பது வருசம் பூகோளம் நடத்துனவன்ட்டயே கணக்குக் கேக்கியளா?”

மில்லர்புரத்தில் ஞானதீபம் வீட்டு முன்னறையில் செல்வதுரை சார் போட்ட சத்தம் அடுத்த தெருவுக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் போட்டார்.

புருசன் இல்லாத ஞானதீபத்துக்கு ஜெப்ஸி ஒரே பிள்ளை. மாப்பிள்ளை சிகாகோவில் என்றதும் தயங்கியவளிடம், “எம் பையன் பெனிஸ்டன் காலைல நாலு மணிக்கு மெட்ராஸ்ல ஏறுதான், அன்னைக்கே சாயங்காலம் மூணரைக்கு அங்கன இறங்குதான். ஒங்களுக்கு ஒரு தலவலின்னா பிள்ளை ஓடி வந்துரும்” என்று பேசியே சம்மதம் வாங்கியவர் இவர். அதை நம்பித்தான் கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலை வருகிற ஞாயிறு. யாரும் தடை சொல்லாவிட்டால் அதோடு உறுதி.

“அப்ப வரும்போது திங்கக்கெழம சாயங்காலம் ஏறி புதங்கெழம விடியக்காலம்லா இறங்குதாரு? அது எப்படி அண்ணாச்சி? பாதி தூரம் நடந்தா வாராரு?” என்றாள் ஞானதீபம்.

அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதற்குப் பல மணி பின்னால் ஓடுவது பள்ளிக்கூடப் பாடம். பாடத்தைப் பிள்ளைகளை உரக்க வாசிக்கச் சொல்லிவிட்டு மேசையில் கண்ணயர்ந்த சாருக்கு அது எப்படித் தெரியும்?

“வரும்போது எதிர்க்காத்து, சம்பந்தியம்மா. போகும்போது காத்து தள்ளிவிட்ரும்.”

ஞானதீபத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “திரேஸ்புரத்துல வள்ளம் விடுதவங்கிட்ட இதச் சொல்லிப் பாருங்க, சிரிச்சே கவுந்துருவான். ஐயா, இந்தக் கல்யாணம் வேண்டாம். போதகரைப் பாத்து ஓலையை நிறுத்தச் சொல்லுதேன்!”

உள்ளேயிருந்து ஜெப்ஸி வந்தாள். “இருபத்திரண்டு மணி நேரம்மா. மொத நாளே அவரு போன்ல சொல்லிட்டாரு.”

“ஏட்டி, தெரிஞ்சுமா சரின்ன?”

“தெரிஞ்சதாலதான் சரின்னேன். சாயர்புரத்துல வேலை கெடைச்சப்ப தெனமும் பஸ்ஸேறி வந்து ஸ்டாஃப் ரூம்ல உக்காந்த. மெட்ராஸ் ஹாஸ்டலுக்கு வந்து எங் கட்டில்லயே பத்து நாள் படுத்த. இனி எங்கனதான்மா போவேன் நான்?”

மகள் மேல் உயிரையே வைத்திருப்பதாக ஞானதீபம் நினைத்ததற்குத் தெரு வேறு பேர் வைத்திருந்தது. அவளிடம் சொல்ல யாருக்குத் துணிச்சல்? செல்வதுரை சாரோ, தாமே ஜெயித்தது போலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “காப்பி உண்டா?” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலையும் வாசித்தார்கள். தடை உண்டா என்று போதகர் கேட்டபோது ஞானதீபம் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு தரையையே பார்த்தாள்.

தை மாதம் கல்யாணம் முடிந்து ஜெப்ஸி சிகாகோவுக்குப் போனாள். ஞானதீபம் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நாசரேத்தில் தம்பி வீட்டோடு போய் இருந்துகொண்டாள். தம்பி மகள் ஏஞ்சலின் மேல் அத்தைக்குக் கொள்ளைப் பிரியம். ஆறே மாதத்தில் அவளும் கனடாவுக்குப் படிக்கப் போய்விட்டாள்.