எலுமிச்சைக்கு ஜாமீன்

விராத்சா ஊரில், ஐந்தாம் மாடி வீட்டில், ரங்கெல் ஓர் எலுமிச்சை மரம் வளர்த்தான். தேநீரில் பழம் பிழிந்தபோது கோப்பைக்குள் விழுந்த விதையைத் தயிர் டப்பாவில் ஊன்றிப் பதினொரு வருஷம் ஆகிவிட்டது. இப்போது மரம் கூரையைத் தொட்டது. முள் ஒவ்வொன்றும் அரைவிரல் நீளம். இரண்டு திரைச்சீலைகளைக் கிழித்தது. விருந்துக்கு வந்த மைத்துனனின் காதைக் கீறியது. பூ மட்டும் ஒன்றுகூட விடவில்லை.

நான்காம் மாடி மெத்தோதி, கடையில் வாங்கிய எலுமிச்சை ஒட்டுச்செடி வைத்திருந்தான். முழங்கால் உயரம், வருஷத்துக்கு ஏழு காய். லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம், “என்னய்யா, உன் முள்ளுக்காடு எப்படி இருக்கு?” என்பான்.

காய்க்காத மரத்தை மிரட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். டிசம்பர் இருபது, இக்னாஜ்தென் பண்டிகை நாளன்று, ஒருவர் கோடரியை ஓங்குவார். இன்னொருவர் குறுக்கே வந்து, “வெட்டாதே, வர்ற வருஷம் காய்க்கும்” என்று மரத்துக்கு ஜாமீன் சொல்வார். இப்படி மூன்று தடவை. தோட்டத்துப் பிளம் மரங்களுக்குச் செய்வார்கள். வரவேற்பறையில் யாரும் செய்ததில்லை.

ரங்கெல் கோடரி இரவல் வாங்கி வந்தான். ஜாமீனுக்கு மனைவி தெமெனுகாவைக் கேட்டான். அவள் இருபத்தாறு வருஷமாக நோட்டரி அலுவலகத்தில் வேலை பார்ப்பவள்.

“அந்த ஒரு வரியைச் சொன்னாப் போதும்.”

“காய்க்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரியாததுக்கு நான் வாக்குக் குடுக்கறதில்ல.”

“மரத்துக்கிட்டதானே சொல்லப் போற!”

“மரம்னா பொய் சொல்லலாமா?”

வேறு வழியில்லாமல் மெத்தோதியை அழைத்தான். மெத்தோதி இரண்டு கிளாஸ் ராக்கியா சாராயம் குடித்துவிட்டு எழுந்தான். ரங்கெல் கோடரியை ஓங்கினான்.

“வெட்டாதே, காய்க்கும்.”

மறுபடி ஓங்கினான்.

“வெட்டாதே, காய்க்கும்.”

மூன்றாவது தடவை மெத்தோதி மரத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். “நிஜத்தைச் சொல்லட்டுமா? வெட்டிப் போட்ருய்யா. அடுப்புக்காவது ஆகும்.”

ரங்கெலின் கை மேலேயே நின்றது. இறக்கினால் மிரட்டலுக்கு அர்த்தமில்லை. வெட்டினால் மரமில்லை. இதற்கு வழக்கத்தில் வழி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

“வெட்டாதே!” சமையலறை வாசலில் தெமெனுகா முட்டைக்கோஸ் இலையும் கையுமாக நின்றாள். “வர்ற வருஷம் காய்க்கும்!”

சொன்ன பிறகு மூவரில் அதிகம் திகைத்தவள் அவள்தான்.

வாக்கைக் கொடுத்தாகிவிட்டது. மறுநாளே வேளாண் கல்லூரிக்கு போன் போட்டாள். ஓர் அம்மாள் எடுத்தார்.

“விதையில வந்த மரமா? வளர்ந்துக்கிட்டே போற நுனிதான்மா பூக்கும். நுனியை வெட்டறீங்களா?”

“வருஷா வருஷம் மார்ச்சுல என் வீட்டுக்காரர் வெட்டுவார்.”

“எதுக்கு?”

“கூரை இடிக்குதுன்னு.”

“இடிக்கட்டும். குளிர்காலத்துல ஹீட்டர் பக்கத்துலயும் வைக்காதீங்க.”

தெமெனுகா செடி கத்தரிக்கோலை அலுவலகத்துக்கு எடுத்துப் போய் மேஜை டிராயரில் பூட்டினாள். கண்ணாடி அடைத்த பால்கனியில் இருந்த முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாய் படுக்கையறைக்கு வந்தது. மரம் பால்கனிக்குப் போனது. அந்தக் குளிர்காலம் முழுக்க ரங்கெல் ஊறுகாய் வாசத்தில் தூங்கினான். இத்தனை வருஷமாகப் பூவை வெட்டி எறிந்தவன் தானே என்பது அவனை வாயடைத்துப் போட்டிருந்தது.

மரம் வளர்ந்து கூரையில் முட்டி, வளைந்து, கூரையோடே ஓடியது. செப்டம்பரில் அந்த வளைந்த நுனியில் ஏழு பூ. ஆறு உதிர்ந்தன.

டிசம்பர் இருபதாம் தேதி மெத்தோதி தானாகவே வந்து நாற்காலி மேல் ஏறிப் பார்த்தான்.

“இது காயா? வால்நட் அளவுகூட இல்ல. பச்சையா வேற இருக்கு.”

“காய்க்கும்னுதான் சொன்னேன்,” என்றாள் தெமெனுகா. “பழுக்கும்னு சொல்லல.”

மே மாதம் அது மஞ்சளானது. ரங்கெலுக்குப் பறிக்க மனம் வரவில்லை, தெமெனுகாதான் பறித்தாள். தோல் தடிமன், சாறு ஒரு கரண்டி. பொரித்த மீனோடு மேஜையில் வைத்தார்கள். சாப்பிட வந்திருந்த மெத்தோதிக்கும் ஒரு துண்டு போனது. அவன் அதைத் தோலோடு மென்றான்.

“புளிப்பு சரியாத்தான் இருக்கு,” என்றான்.

ரங்கெல் மெத்தோதியின் தட்டில் இன்னொரு மீனை வைத்தான்.