இடைசெவலுக்கு வந்த கதவு

தீப்பெட்டி ஆபீஸின் பின்கதவு, புரட்டாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில், இடைசெவல் ஆவுடைத்தாயின் ஆட்டுத் தொழுவில் வந்து நின்றது. பூட்டோடுதான் வந்தது.

வந்ததற்குக் காரணம் முதலாளி ஜெயகிருஷ்ணனின் வாய். பெண்கள் காற்று வாங்க நழுவுகிறார்கள் என்று பின்கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்து வைத்திருந்தார். அந்தக் கதவுக்கும் குச்சிக்கு மருந்து முக்கும் அறைக்கும் நடுவில் உட்கார்ந்துதான் ஆவுடைத்தாயின் ஒரே மகள் முத்துசெல்வி பெட்டி அடைத்தாள். மருந்து பற்றினால் முன்வாசலுக்கு வர வழி கிடையாது. பெற்ற வயிறு சும்மா இருக்குமா? தன்னைப்போல் வீட்டிலிருந்து லேபிள் ஒட்டிக் கொடுக்கிற பெண்களைக் கூட்டிக்கொண்டு ஆவுடைத்தாய் போய் நின்றாள். "பூட்டத் தெறந்து விடுங்க மொதலாளி. புள்ளைக உள்ள இருக்காவ."

"அது என்ன உங்க வீட்டுக் கதவா? போய் வேலையப் பாருங்க" என்றார். கதவு கேட்டுக்கொண்டிருந்தது.

வீடு தேடி வந்ததற்குத் தண்ணீர் கொடுக்காமல் இருப்பாளா? ஆவுடைத்தாய் ஒரு செம்பு மொண்டு அதன் காலடியில் ஊற்றினாள். ஆபீஸ் ஆட்கள் வந்து லோடு ஆட்டோவில் ஏற்றிப்போய் மாட்டினார்கள். மறுநாள் திரும்பி வந்தது. இரும்புப் பட்டை அடித்தார்கள்; பட்டையோடு வந்தது. கரிசலில் முளைத்திருந்த பருத்தியில் ஒன்றைக்கூட மிதிக்காமல் அது நடந்து வந்ததைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். முதல் பஸ் கண்டக்டர் செண்பகராஜ் வண்டியை நிறுத்தி, "ஏறுதா, இல்லையா?" என்று அதனிடம் கேட்டுப் பார்த்துவிட்டு விசிலடித்துப் போனார்.

சுவர் வைத்து அடைக்கலாம் என்றால் கொத்தனார் மாட்டேன் என்றுவிட்டார். "செங்கலும் கெளம்பிட்டா நா என்ன செய்ய அண்ணாச்சி?" கடைசியில் அந்த இடத்தில் ஒரு சாக்குப் படுதா மட்டும் தொங்கியது.

பங்குனியில் ஒரு மத்தியானம் மருந்து பற்றியது. லேபிள் ஒட்டிய பெட்டிகளைக் கொடுக்க வந்திருந்த ஆவுடைத்தாய் முன்வாசல் வழியாக ஓடிச் சுற்றிப் பின்னால் வந்தபோது, புகைக்குள்ளிருந்து சாக்கை விலக்கிக்கொண்டு பெண்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். மகள் இல்லை. வருகிற ஒவ்வொரு முகத்தையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். எல்லோருக்கும் கடைசியாக, சடைநுனி கருகி, முத்துசெல்வி வந்தாள். "எங்கட்டி போன இம்புட்டு நேரம்?" என்று ஆவுடைத்தாய் அவள் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். ஒரு உயிருக்கும் சேதமில்லை. கதவில்லாத அந்த இடத்தைப் பார்த்து அத்தனை பெண்களும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அன்று சாயங்காலம் ஜெயகிருஷ்ணன் லோடு ஆட்டோ இல்லாமல் தனியாக இடைசெவலுக்கு வந்தார். ஆவுடைத்தாய் அவருக்கும் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுத் தொழுவுக்குப் போய்ப் பூட்டைத் திறந்து, சாவியோடு சேர்த்து உடைமுள் காட்டுக்குள் எறிந்தார். மறுநாள் காலையில் கதவு ஆபீஸில் தன் இடத்தில் இருந்தது. இப்போது பெண்கள் ஜன்னல் கேட்டாலும் மின்விசிறி கேட்டாலும் அவர் மறுப்பதில்லை. எது எப்போது யார் வீட்டுக்குக் கிளம்புமோ, யார் கண்டது?

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் லீவு. அன்றைக்குக் கதவு இடைசெவலுக்கு வந்துவிடுகிறது. ஆடுகள் நகர்ந்து இடம் விடுகின்றன. முத்துசெல்வி அதன்மேல் துவைத்த தாவணியைக் காயப்போடுகிறாள். திங்கட்கிழமை விடியலில் அவள் சோற்றுவாளியைத் தூக்கிக்கொண்டு இறங்க, கதவு முன்னால் நடக்கிறது.

"பாத்துப் போங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டு ஆவுடைத்தாய் ஆடுகளை அவிழ்க்கப் போகிறாள்.