பத்துப் பேர் சேர்ந்த அறை

தடுப்பூசிக் குளிர்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் தெருவில் நுழைந்தாலே பிள்ளைகள் கட்டிலுக்கடியில் போய்விடும். என் முகராசி அப்படி. அன்று மட்டும் தையல்காரி வாசலுக்கே ஓடிவந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"பத்து பேர் சேத்துட்டேன்க்கா. இன்னிக்கு என்னைத் திருப்பி அனுப்ப முடியாது."

அவள் மகனுக்குப் பதினொரு மாதம். உருண்டை என்று கூப்பிடுவாள். தட்டம்மை ஊசிக்காக அவனை மூன்று முறை எங்கள் சுகாதார மையத்துக்குத் தூக்கிவந்தாள். மூன்று முறையும் நான்தான் திருப்பி அனுப்பினேன். ஒரு குப்பியைக் கலக்கினால் பத்துப் பிள்ளைகளுக்குப் போடலாம். மிச்சம் சில மணி நேரத்தில் குப்பைக்கு. ஒரு பிள்ளை வந்தாலும் திற என்பதுதான் மேலிடத்து உத்தரவு. அந்தத் தாளைக் கசங்காமல் வைத்திருக்கிறேன். ஆனால் மருந்தை வீணாக்காத மையம் என்று கிடைத்த பாராட்டுப் பத்திரம் என் நாற்காலிக்கு நேர் மேலே தொங்குகிறதே, அதன் கீழ் உட்கார்ந்து ஒன்பது பேர் மருந்தைக் கொட்ட எப்படி மனம் வரும்? ஆள் சேரட்டும், அடுத்த வாரம் வா என்பேன். அவள் அட்டையில் தேதியைப் பென்சிலால் எழுதுவேன், அழிக்க வசதியாக. நாலாவது முறை அவள் வரவில்லை. 'தாய் வரவில்லை' என்று பதிவேட்டில் எழுதினேன். அதை மட்டும் பேனாவால்.

இப்போது இரண்டு தெரு தள்ளி தட்டம்மை வந்துவிட்டது. வீடு வீடாகப் போ என்று என்னை விரட்டியிருந்தார்கள்.

அவள் வீடு ஒரே அறை. ஜன்னலைத் துணிமூட்டைகள் அடைத்திருந்தன. பாயிலும் அம்மாக்களின் மடியிலும் தையல் மெஷினின் மிதிகட்டையிலுமாக ஒன்பது பிள்ளைகள். பத்தாவதாக உருண்டை, மடி மாறி மடி மாறி வந்துகொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது, மூக்கு ஒழுகியது. தொட்டேன். சுட்டது.

"எத்தனை நாளா?"

"மூணு நாளா. வெறும் சளிக்கா. அதைச் சாக்கா வச்சு அடுத்த வாரம்னு சொல்லிடாதீங்க."

டார்ச்சை அவன் வாய்க்குள் அடித்தேன். கன்னத்தின் உட்புறம், சிவந்த தோலில் உப்புத்தூள் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். தட்டம்மையின் முதல் அடையாளம், படத்தில் பார்த்திருக்கிறேன். வழக்கமாக இந்த இடத்தில் பிள்ளையைச் சிரிக்கவைக்க ஏதாவது கோணங்கித்தனம் செய்வேன். இன்று டார்ச்சை அணைத்துவிட்டு மற்றப் பிள்ளைகளைப் பார்த்தேன்.

"இவங்க எல்லாம் எப்போ வந்தாங்க?"

"எட்டு மணிக்கே." அவள் குரலில் பெருமை. "நீங்க வரும்போது ஆள் குறைஞ்சா?"

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றரை. மூட்டைகளைத் தள்ளி ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். ஒன்பது பேருக்கும் உடனே போட்டால் சிலராவது தப்பலாம். குப்பியின் மூடியைக் கழற்றினேன். தையல்காரி உருண்டையை மடியில் போட்டு, தொடைத் துணியை விலக்கிவிட்டாள்.

"முதல்ல இவனுக்குப் போடுங்கக்கா. இவன்தானே ரொம்ப நாளாக் காத்திருக்கான்."

உருண்டை இருமினான். மிதிகட்டையில் உட்கார்ந்திருந்த சிறுமி சிரித்துவிட்டு அதேபோல் இருமிக் காட்டினாள். அதைப் பார்த்து அடுத்தது இருமியது. அப்புறம் அடுத்தது. அம்மாக்கள் எல்லோரும் சிரித்தார்கள்.