கேபிள் வளைந்த இடம்

உடல் எடுக்கும்வரை அந்தத் தெருவில் ரேடியோ பாடாது. மேளம் அதிரலாம், ஒப்பாரி அடுத்த ஊர்வரை கேட்கலாம், ஆனால் ரேடியோவும் டிவியும் ஊமையாகிவிட வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. சாவுச் செய்தி வந்த கணத்தில் கைகள் தாமாகவே சுவிட்சைத் தேடிப் போகும்.

பந்தலில் அப்பா செல்லக்கண்ணு கிடத்தப்பட்டிருக்க, உள்ளறையில் வெற்றிச்செல்வி அவருடைய சின்ன ரேடியோவுக்குப் புதிய பேட்டரி போட்டுக்கொண்டிருந்தாள். காலடியில், வாசற்கதவிலிருந்து பெயர்த்தெடுத்த காலிங்பெல் பிரிந்து கிடந்தது. பெரம்பலூரில் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்யும் அவளுக்கு, அழுகை இன்னும் வந்து சேரவில்லை.

சற்றுமுன் பந்தலில் பேச்சு முற்றியிருந்தது.

"ஓடக்கரச் சுடுகாட்டுக்கே கொண்டு போயிரலாம். பொழுது சாயறதுக்குள்ள எடுத்தாவணும்" என்றார் அப்பாவின் தம்பி பூவரசன்.

"அவரு கொல்லையிலதான் அடக்கம் பண்ணணும்" என்றாள் அம்மா சுமதி. விடிந்ததிலிருந்து அவள் பேசிய ஒரே வாக்கியம் அது.

பக்கத்துக் கொல்லைக்காரர் மாயவன் தொண்டையைச் செருமினார். "நான் வேண்டாங்கல தங்கச்சி. ஆனா அங்க கேபிள் எந்தப் பக்கம் போவுதுன்னு எவனுக்குத் தெரியும்? கடப்பார பட்டு அறுந்துச்சுன்னா, கருது புடிக்கிற நேரத்துல என் மக்காச்சோளம் கருகிப்போவும். போட்டவன்கிட்டயே கேக்கலாம்னா, இந்தா, வாயத் தெறக்காம படுத்துக்கெடக்குறான்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. பரம்பரையாகக் கூலிக்கு மட்டுமே அடுத்தவர் மண்ணில் கால் வைத்த குடும்பத்தில், முதன்முதலாகச் சொந்தமான நிலம் வீட்டை ஒட்டிய அந்தக் கொல்லை. சாலையோர மோட்டார் கொட்டகையிலிருந்து மாயவனின் போர்வெல்லுக்குப் போகும் கேபிளை அதற்குள் புதைத்தவர், ஒயர்மேனாக இருந்த செல்லக்கண்ணுவேதான். எங்கும் முழங்கால் ஆழத்தில் பாறை முட்டும். ஆள் ஆழத்துக்கு மண் இருப்பது வேம்படியில் மட்டும். கொட்டகைக்கும் போர்வெல்லுக்கும் நடுவில் வேம்பு நிற்பதால், கேபிளும் அந்தப் பக்கமாகத்தான் போயாக வேண்டும்.

"நான் கண்டுபுடிக்கிறேன் சித்தப்பா" என்று எழுந்தவளை, அரியலூரிலிருந்து வந்திறங்கியிருந்த அத்தை கொளஞ்சியம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"போன் நோண்டுற புள்ள இப்ப பூமிய நோண்டப் போவுதாக்கும்!"

"மேளக்காரங்க சாப்புட்டு வர்ற வரைக்கும் பாரு. அதுக்கு மேல என்னால ஆவாது" என்றார் பூவரசன்.

மோட்டார் கொட்டகையில் பீஸ்கட்டையைப் பிடுங்கி, கேபிளின் இரு முனையையும் கழற்றச் செய்தாள். கிண்ணம் நீக்கிய காலிங்பெல் இனி ஒலிக்காது. பேட்டரியில் இணைத்தால் அதன் நாக்கு மட்டும் துடிக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் தெறிக்கும் சிறு பொறி, கேபிளுக்குள் ஓர் இரைச்சலை அனுப்பும். மண்ணுக்கு மேலே ரேடியோ அதைக் கேட்கும். பெல்லின் ஒரு ஒயரைக் கேபிளில் முறுக்கினாள். மற்றொன்றை மண்ணில் அறைந்த இரும்புக் கம்பியில் கட்டினாள்.

இயர்போனை மாட்டிக்கொண்டு நடந்தாள். வெறும் காற்றிரைச்சல்.

"அப்பன் கெடக்குறான், காதுல பாட்டு கேக்குதா?" என்ற அத்தையின் குரல் இயர்போனையும் துளைத்தது.

குனிந்து மண்ணைத் தொட்டாள். புழுதி. ஈரமில்லாத மண் மின்சாரத்தை வாங்காது என்பதை மறந்திருந்தாள். வீட்டுக்கு ஓடினாள். அப்பாவைக் குளிப்பாட்டிய குடத்தில் அடித்தண்ணீர் மிஞ்சியிருந்தது. ஒரு கணம் தயங்கிவிட்டு அதைத் தூக்கிவந்து கம்பியின் அடியில் ஊற்றினாள். மண் சட்டென்று உறிஞ்சிக்கொண்டது.

காதுக்குள் 'ர்ர்ர்' என்று கரகரத்தது.

இடப்பக்கம் நகர்ந்தால் தேய்ந்தது. வலப்பக்கம் வந்தால் பெருகியது. உரக்கக் கேட்ட இடமெல்லாம் சுண்ணாம்புப் பொடி தூவினாள். கோடு நேராக வேம்பை நோக்கிச் சென்றது. மரத்தடியிலேயே போனால் அங்கே குழி வெட்ட முடியாது. மரத்துக்குச் சற்று முன்னால் ஒலி திடீரென்று விலகிற்று. தேடிப் பிடித்தாள். கோடு வேம்படியை விட்டு ஒதுங்கி, அரைவட்டமாகச் சுற்றிக்கொண்டு, அப்பால் போய் மீண்டும் நேரானது. அந்த வளைவுக்குள் பாறை இல்லை. பெரிய வேரும் இல்லை. ஓர் ஆள் கைகாலை நீட்டிப் படுக்கும் அளவுக்கு வெறும் மண் இருந்தது.

கடப்பாரையுடன் நின்ற மாயவன் வெண்கோட்டைப் பார்த்தார். "எதுக்குப் பாப்பா இப்படிச் சுத்திட்டுப் போவுது? நேராப் போட்டா ஒயரு மிச்சமாயிருக்குமே."

"தெரியல மாமா."

"உன் காதுக்கு மட்டும் கேக்குற சத்தத்த நம்பி, என் வெள்ளாமைய எப்படிப் பணயம் வைக்கிறது, சொல்லு?"

அவள் பந்தலைத் திரும்பிப் பார்த்தாள். இயர்போன் ஒயரைப் பிடுங்கினால் போதும், ரேடியோ எல்லோருக்கும் கேட்கும். கை எழவில்லை. மேளக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது சுமதி பந்தலைவிட்டு எழுந்து வந்தாள். பெண்கள் பிடித்த கையை உதறிவிட்டு, கொல்லையின் கட்டிகளை மிதித்துக்கொண்டு நேராக வந்தாள். மகளின் கையிலிருந்த ரேடியோவை வாங்கினாள். சுண்ணாம்புக் கோட்டையும் அதன் வளைவையும் வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு இயர்போன் ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஒலி கூட்டும் திருகை முட்டும்வரை திருப்பினாள்.

கரகரப்பு கொல்லை முழுதும் பாய்ந்து பந்தலுக்குள் நுழைந்தது. ஒப்பாரி பாதியில் அறுந்தது. சுமதி கோட்டின்மேல் நடந்தாள், ரேடியோ முழங்கியது. வளைவுக்குள் கால் வைத்தாள்; அடங்கியது. வெளியே வந்தாள், மறுபடி முழங்கியது. மாயவன் வளைவின் ஓரத்தில் மண்வெட்டியால் மெல்லச் சுரண்டினார். ஒரு சாண் ஆழத்தில் கேபிளின் கறுப்பு முதுகு தெரிந்தது.

"அட, செல்லக்கண்ணு! உனக்குன்னு எடம் விட்டுல்ல போட்டுருக்க!" என்று சிரித்தே விட்டார். "பாப்பா, நீ சொன்ன எடத்துலயேதான் கெடக்கு!" கடப்பாரையைப் பக்கத்தில் காத்து நின்ற குழிவெட்டுபவனிடம் நீட்டினார். "வேம்படியிலயே எறக்குப்பா. தாராளமா எறக்கு."

"அடியே சுமதி, கண்டுபுடிச்சாச்சுல்ல, அத நிறுத்துடி! ஊரு என்ன சொல்லும்!" என்று கூவினாள் கொளஞ்சியம்மாள்.

சுமதி திருகைத் தொடவில்லை. முழங்கும் ரேடியோவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மோட்டார் கொட்டகைவரை திரும்பிச் சென்று, புருஷன் கேபிள் புதைத்துப் போன வழியே, கோட்டின் தொடக்கத்திலிருந்து மறுபடியும் நடக்கத் தொடங்கினாள்.